தாழ்வான குழந்தைக் கட்டில்: கட்டில் சரி, எந்தச் சுவர் ஓரம் போடுவது?

சிங்கப்பூரில் சுங்கை காடுட் பக்கம் மரச்சாமான் கிடங்குகள் வரிசையாக இருக்குமே, அதில் ஒரு கடையில் மகனுக்கு வாங்கிய தாழ்வான கட்டிலைப் பற்றித்தான் இது. குறையும் சொல்லப் போகிறேன், அதனால் கடைப் பெயர் வேண்டாம். ரப்பர் மரச் சட்டம், மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து 35 சென்டிமீட்டர், கழற்றி மாட்டக்கூடிய பக்கத் தடுப்பு ஒன்று. டெலிவரி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 400 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்தது. விலைக்கு நல்ல சாமான். மர முனைகளை வழுவழுவென்று இழைத்திருக்கிறார்கள், பெயின்ட் வாடையும் இல்லை.

ஆனால் கடைக்காரர் மரத்தைப் பற்றிப் பேசினார், தள்ளுபடியைப் பற்றிப் பேசினார், அறையில் எங்கே போடப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்கவே இல்லை. மாதிரி அறையில் கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டு, மேலே குட்டி விளக்குச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். படம் எடுக்க அழகுதான், வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், இதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். முன்பதிவு செய்தபின் கட்டித் தரும் புதிய பிடிஓ வீடுகள் பலவற்றில் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவர் சுமார் 55 சென்டிமீட்டர் உயரம்தான், உங்கள் வீட்டுத் தரைப்படத்திலேயே அது போட்டிருக்கும். அதில் கட்டிலின் 35ஐக் கழித்தால் மெத்தைமேல் நிற்கும் பிள்ளைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மிச்சம் 20 சென்டிமீட்டர், அதாவது முட்டி உயரம்கூட இல்லை. தாழ்வான கட்டில், அதனால் பயமில்லை என்ற பேச்சு ஜன்னல் ஓரத்தில் எடுபடாது. கிரில் போட்டாச்சே என்பார்கள், சரி, அந்தக் கிரில்லை எத்தனை வீட்டில் பூட்டி வைக்கிறார்கள்? துணி காயப்போட, கண்ணாடி துடைக்க என்று திறந்து அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம். இதோடு ரோலர் பிளைண்டை, அதாவது சுருட்டும் ஜன்னல் திரையை, ஏற்றி இறக்கும் மணி கோத்த கயிறு வேறு. அது கழுத்தில் சுற்றிக்கொண்டால் பிள்ளையால் கத்தக்கூட முடியாது, கொஞ்ச நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. கட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அந்தக் கயிறு பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது.

இங்கேதான் இந்தக் கட்டிலின் நல்ல விஷயம் வருகிறது, விளம்பரத்தில் இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பக்கத் தடுப்பை இடப்பக்கமும் மாட்டலாம், வலப்பக்கமும் மாட்டலாம். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பொதுப் படுக்கையறையில் (மாஸ்டர் பெட்ரூம் அல்லாத சின்ன அறை) ஒரு சுவரை ஜன்னல் எடுத்துக்கொள்ளும், ஒன்றைக் கதவு எடுத்துக்கொள்ளும், ஒன்றைத் துணி அலமாரி எடுத்துக்கொள்ளும், கட்டிலுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு சுவர், அதிலும் எந்தப் பக்கம் தலை வைப்பது என்று ஒரு பஞ்சாயத்து. எங்கள் வீட்டில் மாமியார் "வடக்கே மட்டும் தலை வைக்காதேம்மா" என்றார், அந்தப் பக்கத்தில்தான் ஏர்கான் நேராகத் தலையில் அடிக்கும், அதனால் இரண்டு பேருக்கும் ஒரே முடிவு, சண்டையே வரவில்லை. தலையைத் திருப்பியதும் தடுப்பு எதிர்ப்பக்கம் வர வேண்டும், ஒரே பக்கம் மட்டும் துளை போட்ட கட்டிலாக இருந்தால் அது நடந்திருக்காது. வேறு கடையில் வாங்குவதாக இருந்தாலும் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது குறைகள். பொருத்த வந்த ஆள் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு "ஓகே லா" என்று கிளம்பிவிட்டார். குனிந்து பார்த்தால், தரையோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் ஓடு கால்களில் முட்டி நிற்கிறது, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல்கள் போகும் இடைவெளி. பையன் மேலே ஏறிக் குதித்தால் கட்டில் வழுக்குகிற தரையில் நகர்ந்து அந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. கீழே விழுவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், எனக்கு அதைவிடப் பெரிய பயம் இதுதான். இந்த உயரத்திலிருந்து விழுந்தால் அழுவான், பெரும்பாலும் அதோடு போய்விடும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் உடம்பு இறங்கித் தலை மாட்டிக்கொண்டால் மூச்சு அடைக்கும். ஆகவே ஒன்று, சுவரோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டிப் போட்டுக் கட்டில் நகராதபடி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஓர் அடிக்குக் குறையாமல் தள்ளிப் போட வேண்டும். நடுவில் இருப்பதுதான் ஆபத்து. ஹார்டுவேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் ரப்பர் அட்டைகளைக் கால்களுக்கு அடியில் ஒட்டினோம், சுவர்ப்பக்கச் சட்டத்தில் ஸ்கர்ட்டிங் தடிமனுக்கு ஒரு மரப்பட்டை வைத்து அடைத்தோம். இது கடைக்காரர் செய்து தந்திருக்க வேண்டிய வேலை.

மெத்தையும் அப்படித்தான். சட்டத்துக்குள் போட்டால் பக்கவாட்டில் இரண்டு விரலுக்கு மேல் இடம் விட்டது. மாற்றிக் கேட்டதற்கு "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று பதில். அப்புறம் அளவு கொடுத்து வேறு இடத்தில் மெத்தை வாங்கினோம், இப்போது கச்சிதம். அடியில் பலகைகளுக்கு நடுவே காற்றுப் போவது மட்டும் நல்லது. கட்டிலே வேண்டாம், மெத்தையைத் தரையில் போடுகிறோம் என்பவர்கள் நம்ம ஊர் ஈரத்துக்கு அதை அடிக்கடி தூக்கி நிறுத்தாவிட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று, கட்டிலைப் போட்ட இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் டிராயர் அலமாரி இருந்தால் அதைச் சுவரில் திருகாணி போட்டு இறுக்குங்கள். டிராயரைப் படி மாதிரி இழுத்து ஏறுவார்கள். 2016இல் அமெரிக்காவில் மரச்சாமான் நிறுவனமான ஐகியா தன் மால்ம் வகை உட்பட சுமார் 29 மில்லியன் டிராயர் அலமாரிகளைத் திரும்ப அழைத்தது, சுவரில் பொருத்தாதவை கவிழ்ந்து பிள்ளைகள் இறந்ததால்தான். பிளக் பாயின்ட்டும் மெத்தைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது, சார்ஜர் வயர் தலைமாட்டில் தொங்கவே கூடாது.

அதே கடையில் அடுக்குக் கட்டிலும் தள்ளுபடியில் கிடக்கிறது, "இன்னொரு பிள்ளை வந்தால் உதவுமே" என்று விற்கப் பார்ப்பார்கள். மேல் தட்டு 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஆகவே ஆகாது. வீவக வீட்டுக் கூரை உயரம் சுமார் 2.6 மீட்டர்தான், நடுவில் மின்விசிறி சுற்றும்போது மேல் தட்டில் எழுந்து நின்று கையை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மதிப்பெண் கேட்டால் கட்டிலுக்கு ஐந்துக்கு நாலு, கடைக்காரர்களின் சேவைக்கு இரண்டு. இரண்டு, இரண்டரை வயதில் தொட்டிலின் கம்பியைத் தாண்ட ஆரம்பித்த பிள்ளைக்கு இது பொருத்தமானது, கைக்குழந்தைக்கு வேண்டாம். கடைக்குப் போகும்போது ஜன்னல் சுவரின் உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஏர்கான் எங்கே, பிளக் எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு போங்கள், மெத்தையை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.