சிங்கப்பூர் – சென்னை: நாலே கால் மணி நேரக் கணக்கு

2013இல் வேலைக்கு வந்ததிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவையாவது இந்த ரூட்டில் பறந்துகொண்டிருக்கிறேன். கொரோனா சமயத்தில் மட்டும் விட்டுப்போனது. ஆபீசில் புதிதாகச் சேரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்டால், சுமார் 2,900 கிலோமீட்டர், நாலே கால் மணி நேரம் என்று சொல்லிவிடுவேன். தூரம் மாறாது. நேரம்தான் வில்லங்கம்.

முதல் டிக்கெட்டை வாட்ஸாப்பில் பார்த்த அப்பா, "எட்டு மணிக்கு ஏறினா பத்துக்குள்ள மெட்ராஸ் வந்துடுதே, பரவால்லையே!" என்றார். திரும்பும் டிக்கெட்டில் இரவு 11:15க்குக் கிளம்பி விடியற்காலை 5:55க்கு இறங்குவதாக இருந்தது. "போறப்ப மட்டும் சுத்திக்கிட்டுப் போறானா?" என்று கேட்டார். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகாரம்தான் இருக்கும். இரண்டு ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான். அப்பாவுக்கு அந்த அரை மணி மேல் இன்னும் கோபம்.

டிக்கெட்டில் போடும் நாலே கால் மணியும் முழுக்க வானத்தில் கழிவதில்லை. விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து, இறங்கி மறுபடி வாசலில் நிற்பது வரை உள்ள கணக்கு அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். நான் சக்கரம் தரையை விடும் நேரத்தையும் தொடும் நேரத்தையும் போனில் குறித்துவைக்கும் ஆசாமி (மனைவிக்கு இது பிடிக்காது). அப்படிப் பார்த்தால் மூன்றரையிலிருந்து நாலு மணிக்குள் முடிந்துவிடும்.

குறித்துவைத்ததில் ஒன்று பிடிபட்டது. ஜூலை, ஆகஸ்டில் சென்னைக்கு வரும்போது சீக்கிரம் வந்துவிடுகிறேன். அதே லீவில் திரும்பும்போது இருபது நிமிடம் வரை கூடுதலாக ஆகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். தரையில் அடிப்பது மேல்காற்று, மேற்கிலிருந்து வருவது. ஆனால் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகக் காற்று ஓடுகிறது. வானிலை ஆய்வாளர் கோட்டீஸ்வரம் 1958இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கீழே மேல்காற்று, மேலே கீழ்க்காற்று! ஜனவரியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை.

ஜனவரிக்கு வேறு தொல்லை உண்டு. ஒரு போகியன்று விடியற்காலை, கீழே புகையும் பனியும் கலந்து ஓடுபாதை தெரியாமல், முக்கால் மணி நேரம் வட்டமடித்தோம். ஜன்னலில் அழுக்குப் பஞ்சு மாதிரி ஒரே சாம்பல் நிறம். கடைசியில் பெங்களூரில் இறக்கி, இட்லி கொடுத்து, பத்து மணிக்கு மேல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதனால் போகிக்கு முந்தின ராத்திரி டிக்கெட் போடுவதை விட்டுவிட்டேன்.

பகல் விமானம் கிடைத்தால் ஜன்னல் சீட் வாங்குங்கள். சென்னைக்கு வரும்போது வங்காள விரிகுடாவுக்குள் நுழையும் இடத்தில், மேகம் இல்லாவிட்டால், பெரிய நிக்கோபார் தீவு பச்சையாகத் தெரியும். நான் பார்த்தது இரண்டே தடவை.

அப்பா இப்போது தேறிவிட்டார். போன ஆடிக்கு டிக்கெட் அனுப்பியதும் பதில் வந்தது: "ரெண்டரையைக் கூட்டிட்டேன். காத்தும் உன் பக்கம்தான். ஆட்டோவை முன்னாடியே சொல்லிடறேன்."