பிரிலூடும் இக்திஸும்: மிதக்கும் எல்.என்.ஜி. ஆலையா, தரை ஆலையா?

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில், பிரௌஸ் படுகையில் இரண்டு எரிவாயு வயல்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்றின் வாயுவை ஷெல் நிறுவனம் வயலின் மேலேயே நிறுத்தியிருக்கும் பிரிலூட் என்ற மிதக்கும் ஆலையில் குளிரவைத்து எல்.என்.ஜி.யாக, அதாவது திரவ இயற்கை வாயுவாக, மாற்றுகிறது. மற்றொன்றான இக்திஸின் வாயுவை ஜப்பானின் இன்பெக்ஸ் நிறுவனம் 890 கிலோமீட்டர் குழாய் வழியே டார்வினுக்குக் கொண்டுவந்து, தரையில் திரவமாக்குகிறது. முதலீட்டு முடிவுகள் 2011 மே, 2012 ஜனவரி என எட்டு மாத இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்பதால், ஒப்பிட இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. பராமரிப்புத் திட்டமிடல் என் தொழில். இரு வகை ஆலைகளிலிருந்தும் வேலைக்கு அழைப்பு வந்தபோது நான் தரையைத் தேர்ந்தெடுத்தவன். அந்தச் சாய்வு இந்த அலசலில் தெரியவே செய்யும்.

மிதக்கும் ஆலையின் சாதகங்கள் வெளிப்படையானவை: நெடுந்தூரக் குழாய் வேண்டாம், கரையில் நிலம் வேண்டாம், துறைமுகத்தைத் தூர்வார வேண்டாம். 488 மீட்டர் நீளமுள்ள பிரிலூட் தென்கொரியாவின் கோஜே கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 2017இல் இழுத்து வரப்பட்டது. அதன் திறன் ஆண்டுக்கு 36 லட்சம் டன் எல்.என்.ஜி.; இக்திஸுக்கு 89 லட்சம் டன் என்று திட்டமிடப்பட்டது. காலதாமதத்தில் தரை ஆலையும் யோக்கியம் இல்லை. 2016 இறுதியில் உற்பத்தி என்று அறிவித்த இக்திஸிலிருந்து முதல் எல்.என்.ஜி. கப்பல் புறப்பட்டது 2018 அக்டோபரில். பிரிலூடிலிருந்து 2019 ஜூனில்.

என்னைப் பொறுத்தவரை, முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. இதே திறனுள்ள தரை ஆலைக்குத் தேவைப்படும் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் பிரிலூடின் இயந்திரங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பொறியியல் சாதனைதான், ஆனால் அடுக்கின் நடுவிலுள்ள ஒரு பம்பைக் கழற்ற வேண்டியவரின் பக்கத்திலிருந்தும் அதைப் பார்க்க வேண்டும். தரையில் கிரேனை அருகில் கொண்டுவந்து நிறுத்தலாம். சாரம் கட்டுபவர்கள் போதவில்லையென்றால் ஊரிலிருந்து இன்னும் இருபது பேரை அழைக்கலாம். கடலிலோ, கிரேனின் எட்டும் தூரமும் காற்றின் வேகமும் ஒருபுறம் கையைக் கட்ட, மறுபுறம் தங்குமிடத்தில் எத்தனை கட்டில்கள் என்ற கணக்கு எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நிற்கும். அவசரமான வேலைகளுக்கே ஆள் போதாத நிலையில், பெயின்ட் அடிப்பதும் இன்சுலேஷனைப் பிரித்துப் பார்ப்பதும் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகின்றன. குளிர்ந்தும் சூடேறியும் மாறிக்கொண்டிருக்கும் கார்பன் எஃகுக் குழாய்களில் இது ஆபத்தானது. இன்சுலேஷனை மூடிய மேல் தகரம் பளபளவென்றிருக்க, பிரித்தால் குழாயின் அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காக உதிரும். தரையிலும் இதே துருதான், ஆனால் அதைத் தேடிப் பார்க்க ஆள் அனுப்ப முடிகிறது.

இன்னொன்று மின்சாரம். 2020 பிப்ரவரியில் மின் கோளாறால் நின்ற பிரிலூடின் ஏற்றுமதி 2021 ஜனவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சிறு தீ விபத்தைத் தொடர்ந்து ஆலை முழுவதும் மின்சாரம் அற்றுப்போக, பாதுகாப்பாக இயங்க முடியும் என்று நிரூபிக்கும் வரை உற்பத்தி கூடாது என்று கடல்சார் பெட்ரோலியப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பு உத்தரவிட்டது. 2022 ஏப்ரலில்தான் ஏற்றுமதி திரும்பியது. தரை ஆலையில் மின்சாரம் போனால் அவசியமில்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கடலில் அவர்களுடைய குடிநீரும் படுக்கையும் அந்த ஆலையையே நம்பியிருக்கின்றன. தவிர, இக்திஸில் இரண்டு டிரெயின்கள் (தனித்தனியே இயங்கும் திரவமாக்கும் இயந்திரத் தொடர்கள்) உண்டு, ஒன்றை நிறுத்திப் பழுதுபார்க்கையில் மற்றொன்று ஓடும். பிரிலூடில் இருப்பது ஒன்றே.

இக்திஸ் கடலை முற்றிலும் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாயுவைப் பிரிக்கும் மிதக்கும் மேடையும், திரவப் பொருளைச் சேமிக்கும் கப்பலும் அங்கும் நடுக்கடலில்தான் நிற்கின்றன. கட்டில் கணக்கு அவற்றுக்கும் உண்டு. மேலும், மிதக்கும் திரவமாக்கும் ஆலையில் நான் வேலை செய்ததில்லை. அங்கிருந்து வந்த சக ஊழியர்களின் பேச்சும் வெளிவந்த தகவல்களுமே எனக்கு ஆதாரம். பிரிலூட் அந்த அளவில் முதன்முதலாகக் கட்டப்பட்டது என்பதால், பின்னால் வந்தவற்றை அதன் தலையெழுத்தை வைத்து எடைபோடுவது சரியாகாது.

மொசாம்பிக்கில் கணக்கே வேறு. 2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டபின் அருகிலிருந்த தரை ஆலையின் கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்க, கடலில் இருந்த கோரல் சுல் என்ற மிதக்கும் ஆலை 2022 நவம்பரில் முதல் ஏற்றுமதியைச் செய்துவிட்டது. அந்தக் கரையில் நானும் மிதப்பதையே தேர்ந்தெடுப்பேன். சிறிய வயல்களுக்கும் அப்படித்தான்: மலேசியாவின் பெட்ரோனாஸ், ஆண்டுக்கு 12 லட்சம் டன் திறனுள்ள தன் முதல் மிதக்கும் ஆலையை 2019இல் சரவாக் கடலிலிருந்து சபா கடலுக்கு நகர்த்திக் காட்டியது. ஆனால் 25 ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்பதற்கென்று வடிவமைக்கப்பட்ட பிரிலூட் போன்ற ஒன்றுக்கு இரண்டாம் வயல் தேடுவது அவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அதே பிரௌஸ் படுகையில் வுட்சைட் நிறுவனமும் மிதக்கும் ஆலைகளைத் திட்டமிட்டு, எண்ணெய் விலை சரிந்திருந்த 2016இல் அதைக் கைவிட்டது. பின்னர் அது முன்வைத்த திட்டம், சுமார் 900 கிலோமீட்டர் குழாய் போட்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் கராத்தா நகருக்கு அருகில் ஏற்கெனவே இயங்கும் தரை ஆலைக்கு வாயுவைக் கொண்டுசெல்வது.