நர்சரியில் கட்டிக்கொடுக்கும் 'வேர் மருந்து'ப் பொட்டலம்: வாங்காதீர்கள்

அக்லோனிமா என்ற வண்ண இலை அழகுச்செடியை வாங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது, இலை மஞ்சளடித்துத் தொங்கும். நர்சரியில் போய்ச் சொன்னால், "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க, இதைக் கரைச்சு ஊத்துங்க" என்று ஒரு வெள்ளைப் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். அதில் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. ஊற்றிய பத்தாம் நாள் செடி தண்டோடு கையில் வந்துவிடும்.

அப்படிப் போன செடியின் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவே பிளாஸ்டிக் வலைக்கப், அதற்குள் நாற்று விட்ட கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி, சுற்றிலும் களிமண். மேல்மண் காய்ந்து கிடக்கும். கட்டியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பழுப்பான வேரை இரு விரலால் இழுத்தால் தோல் உறைபோல் கழன்று, நூல் மட்டும் மிஞ்சும். இது பித்தியம் என்ற கிருமியால் வரும் வேரழுகல். ஈரத்தைத் தேக்கியது நர்சரிக்காரர் விட்டுவைத்த அந்தக் கட்டியும்தான், வாங்கியவர் கைத்தவறு என்பது பாதிப் பொய்.

பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி. பித்தியத்தை அது ஒன்றும் செய்யாது. பித்தியம் உண்மையான பூஞ்சையே அல்ல, பழுப்புப் பாசிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். வேண்டியது மெட்டலாக்சில் 8%, மேன்கோசெப் 64% கலந்த தூள், லிட்டருக்கு 2 கிராம். அதற்கும் முன்னால் வலைக்கப்பை வெட்டி எடுத்து, வேரை அலசி, அழுகியதையெல்லாம் நறுக்கிவிடுங்கள். கையுறை போடுங்கள், சாறு அரிக்கும். கோகோபீட் 2 பங்கு, பெர்லைட் (நீர் வடிய உதவும் வெள்ளைப் பொரிகல்) 1 பங்கு கலந்து, வேர் கொள்ளுமளவு சின்னத் தொட்டியில் நட்டு மருந்தை ஊற்றுங்கள். பழைய மண் குப்பைக்குத்தான். வேர் முழுக்கப் போய், தண்டு மட்டும் கெட்டியாக இருந்தால் நுனியை வெட்டி நட்டு வேர்விட வைக்கலாம்.

இலையில் நீர் கோத்த புள்ளியும் சுற்றி மஞ்சள் வளையமுமாக இருந்தால் கதை வேறு. புள்ளியின் ஓரத்தை நறுக்கிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல் கசிந்தால் பாக்டீரியா. தண்டு கொழகொழத்து நாறினாலும் அதுவே. இதற்கு மருந்தில்லை, செடியைத் தூக்கிப் போடுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் அடிப்பது பக்கத்துச் செடிகளுக்காகத்தான். இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பூஞ்சைக்கொல்லி விற்கவும் உரிமம் வேண்டும். லேபிள் இல்லாமல் விற்கக் கூடாது. வாங்கும்போது மினுமினுப்பைப் பார்த்து மயங்காதீர்கள், அது பாலிஷாக இருக்கலாம். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் புள்ளி தேடுங்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.