குளிர்காலம் முழுக்க ட்ரேட் பேசும் ரசிகர்களுக்கு: அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் 26

பேஸ்பாலில் ஆட்டமே நடக்காத மாதங்களில்தான் ரசிகர்களுக்குள் சண்டை அதிகம். நவம்பரில் தொடங்கினால் பிப்ரவரி வரை ஓயாது. யாரை அனுப்புவது, யாரைக் கொண்டுவருவது, யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம் என்று பேசித் தீராது. நான் மாசசூசெட்ஸில் வூஸ்டரில் இருக்கிறேன். பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகை. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருகிற எல்லோருமே ரெட் சாக்ஸ் ஆட்கள்தான். அப்படியும் எந்த ட்ரேடைப் பற்றியும், அதாவது அணிகளுக்கிடையே நடக்கும் எந்த வீரர் பரிமாற்றத்தைப் பற்றியும், இரண்டு பேர் ஒத்துப்போனதில்லை. இப்படிப்பட்ட மேசையில் உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரு குளிர்காலமாவது விளையாடிப் பார்க்க வேண்டிய கணினி விளையாட்டு இது.

இதில் மட்டை பிடித்து அடிக்கிற வேலை உங்களுக்கு இல்லை. நீங்கள் அணியின் ஜெனரல் மேனேஜர். வீரர்களை வாங்குவது, விற்பது, சம்பளம் பேசுவது, மைனர் லீக் என்ற கீழ்மட்டப் போட்டிகளில் ஆடும் பையன்களை மேலே கொண்டுவருவது, இவைதான் வேலை. மார்க்குஸ் ஹைன்ஸோன் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது. முதல் பதிப்பு 1999ல் வந்தது. 2020ல் தென் கொரியாவின் காம்டூஸ் நிறுவனம் வாங்கியது. அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கின் உரிமம் இருப்பதால் உண்மையான அணிகள், உண்மையான வீரர்கள், உண்மையான ஒப்பந்தங்கள். வழக்கமாக மார்ச் மாதத்தில் புதிய பதிப்பு வரும். நான் இப்போது விளையாடுவது 2025 சீசன் தொடக்கத்து அணிகளோடு வந்த 26.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். இங்கே ஏலம் கிடையாது. மேஜர் லீக்குக்கு வந்த வீரர் ஆறு வருட சர்வீஸ் முடிக்கும்வரை அணியின் பிடியில் இருப்பார். பொதுவாக முதல் மூன்று வருடம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி, அடுத்த மூன்று வருடம் நடுவர் முன்னால் பேசித் தீர்க்கும் சம்பளம். அதற்கப்புறம் ஃப்ரீ ஏஜென்ட், யார் அழைத்தாலும் போகலாம். அதற்கு முன் அணி அவரை வேறு அணிக்கு மாற்றிவிட நினைத்தால், பெரும்பாலும் அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போய் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்த நாளில் சிஎஸ்கே ரசிகர்களுக்கு என்ன ஆனதோ, அது இங்கே எல்லா அணி ரசிகர்களுக்கும் வருடா வருடம் நடக்கிறது.

எங்கள் மேசையில் ஆறாத காயம் மூக்கி பெட்ஸ். 2018ல் ரெட் சாக்ஸ் 108 ஆட்டங்கள் ஜெயித்து, மேஜர் லீக் கோப்பைக்கான உலகத் தொடரையும் வென்றது. அந்த வருடம் பெட்ஸின் பேட்டிங் சராசரி .346, அபாரமான எண். லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். 2020 பிப்ரவரியில் அவரையும் பந்து வீசும் பிட்சரான டேவிட் பிரைஸையும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். பிரைஸுக்கு இன்னும் மூன்று வருடத்துக்கு 96 மில்லியன் டாலர் பாக்கி இருந்தது. அதில் பாதியை பாஸ்டனே கட்டியது. வீரர்களின் மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் அணி ஆடம்பர வரி கட்ட வேண்டும். அந்த வருடம் அந்தக் கோடு 208 மில்லியன், அதற்குக் கீழே இறங்க வேண்டும் என்பதே கணக்கு. ஜூலையில் டாட்ஜர்ஸ் பெட்ஸுக்கு 12 வருடம், 365 மில்லியன் கொடுத்தது. அக்டோபரில் கோப்பையையும் வென்றது.

2019ல் வந்த 20வது பதிப்பு என் பழைய மடிக்கணினியில் இன்னும் இருக்கிறது. அதில் பெட்ஸ் பாஸ்டனில்தான் ஆடுகிறார். 26ஐப் பற்றி எழுதுகிற இடத்தில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்த விளையாட்டின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது அங்கேதான். சீசன் முடிந்து ஒப்பந்தத்தை நீட்டிக்க பெட்ஸிடம் பேசப் போனால், ஃப்ரீ ஏஜென்ட் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையை விரித்துவிடுகிறார். இன்னும் ஒரு வருடம்தான் மிச்சம். விற்கலாம் என்று மற்ற அணிகளிடம் கேட்டால், ஒரு வருடம் மட்டுமே கிடைக்கப்போகிற வீரருக்கு யாரும் தங்கள் மிகச் சிறந்த இளம் வீரரைத் தரமாட்டேன் என்கிறார்கள். ஓனர் கொடுத்த பட்ஜெட்டோ ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. யார் தீர்த்தது? நான்தான், முந்தைய குளிர்காலத்தில், பிட்சர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்து.

நிஜத்திலும் நடந்தது அதுதான் என்பது என் முடிவு. உலகத் தொடரை வென்ற சந்தோஷத்தில் பிட்சர் நேதன் இயோவால்டிக்கு நான்கு வருடம், 68 மில்லியன். 2019 மார்ச்சில் இன்னொரு பிட்சர் கிறிஸ் சேலுக்கு ஐந்து வருடம், 145 மில்லியன், அதுவும் பழைய ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே. அடுத்த மார்ச்சில் சேல் முழங்கை அறுவைசிகிச்சைக்குப் போனார். எங்கள் மேசையில் எல்லோரும் பெட்ஸ் சண்டையை 2020 பிப்ரவரியில் தொடங்குவார்கள். அதை 2019 மார்ச்சில் தொடங்க வேண்டும். ட்ரேட் அறிவிக்கிற நாளில் தீர்மானிக்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் யாரும் கவனிக்காத ஒரு ஒப்பந்தத்தில் அது தீர்மானமாகியிருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த விளையாட்டு. அதற்காக நிர்வாகத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பெட்ஸை வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் செலவைச் சுருக்கியும் ஆடிப் பார்த்தேன். அணி நன்றாகவே நின்றது.

சேல் கதை அதோடு முடியவில்லை. 2023 டிசம்பர் கடைசியில் இளம் வீரர் வான் கிரிஸமுக்காக அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பினார்கள், கூடவே 17 மில்லியன் டாலரையும் கொடுத்து. அடுத்த சீசனில் அவர் 18 வெற்றிகளோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்! எங்கள் மேசையில் இதைப் பேச்செடுத்தாலே ஒருவர் எழுந்து போய்விடுவார்.

26ல் நேராக ட்ரேட் திரைக்குப் போங்கள். ஒரு வீரரைக் காட்டி மற்ற எல்லா அணிகளிடமும் என்ன தருவீர்கள் என்று கேட்க வசதி இருக்கிறது. நீங்கள் கேட்கும் வீரருக்கு அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்றும் கேட்கலாம். ஒரு அமைப்பை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்: ட்ரேடின் கடினத்தைக் கூட்டி வையுங்கள். அப்போதுதான் மூன்று சாதாரண வீரர்களைச் சேர்த்துக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்குகிற கனவு கலையும். வானொலிக்கு போன் போட்டு அந்தக் கனவைச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். வீரர்களின் திறமை 20லிருந்து 80 வரை மதிப்பெண்ணாகத் தெரியும், வீரர்களைத் தேடி மதிப்பிடும் நிஜ ஸ்கவுட்டுகள் பயன்படுத்துகிற அதே அளவுகோல். அந்த மதிப்பெண் உங்கள் ஸ்கவுட்டின் கருத்து மட்டுமே. அவர் கணிப்பு தவறலாம். இப்படித் தவறுகிற ஏற்பாட்டை அணைத்து வைக்கலாம், நான் அணைப்பதில்லை. தெரியாமல் முடிவெடுப்பதுதானே இந்த வேலையே.

மேஜர் லீக்கில் ஆடத் தகுதியாக ஒவ்வொரு அணியும் வைத்திருக்கும் நாற்பது பேர் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் இடம் தராமல் வைத்திருக்கும் இளம் வீரரை, போதிய வருடங்கள் ஆகியிருந்தால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி ஒரு லட்சம் டாலருக்கு எடுத்துக்கொள்ளலாம். 2020ல் எங்கள் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸிடமிருந்து பிட்சர் காரெட் விட்லாக்கை நாங்கள் அப்படித்தான் எடுத்தோம், இன்றும் நினைத்தால் இனிக்கிறது. விளையாட்டில் அந்த நாற்பது இடங்களை நிரப்பும்போதுதான், எங்கோ ஒரு மூலையில் நடக்கும் சின்ன ட்ரேடுகளுக்கெல்லாம் காரணம் பிடிபடும்.

விளையாட்டுக்குள் அடங்காத விஷயங்களும் உண்டு. 2025 பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மன் வந்ததும் ரஃபேல் டெவர்ஸிடம் அவர் களத்தில் காவல் நிற்கும் மூன்றாவது பேஸ் இடத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். மே மாதம் முதல் பேஸில் நின்ற ட்ரிஸ்டன் காசாஸுக்கு முழங்கால் போனதும், அந்த இடத்தில் டெவர்ஸை நிற்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். ஜூன் 15 அன்று, யாங்கீஸை மூன்று ஆட்டங்களிலும் வென்று முடித்த அன்றே, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். 2023 ஜனவரியில் 10 வருடம், 313.5 மில்லியனுக்குக் கையெழுத்து வாங்கிய வீரர். என் ஆட்டத்தில் டெவர்ஸ் நான் சொன்னதும் முதல் பேஸுக்குப் போய்ப் பழகத் தொடங்கிவிட்டார். வீரர்களுக்கு விசுவாசம், பேராசை, தலைமைக் குணம் என்றெல்லாம் அளவு வைத்திருக்கிறார்கள், மனநிலையும் ஏறி இறங்குகிறது. ஆனால் வாக்குக் கொடுத்த இடத்திலிருந்து ஒருவரை எழுப்பிவிடும்போது அவருக்கு வருகிற கோபத்தை எந்த மதிப்பெண்ணிலும் அடக்க முடியாது. அந்தப் பகுதியை நாங்கள் மேசையில்தான் பேசியாக வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்குத் திரை முழுக்க அட்டவணையாகத் தெரியும். பயப்படாமல் பயிற்சியாளர் வேலைகளையும் மைனர் லீக் வேலைகளையும் கணினியிடமே விட்டுவிட்டு, ட்ரேடும் ஒப்பந்தமும் மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெர்ஃபெக்ட் டீம் என்று அட்டைகள் சேர்த்து இணையத்தில் ஆடும் பகுதியும் இருக்கிறது. ட்ரேட் சண்டைக்காக வாங்குகிறவர்களுக்கு அது வேண்டாம்.

வெளியாகும்போது விலை சுமார் 40 டாலர். மாதங்கள் போகப்போக ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் தள்ளுபடி வரும், காத்திருந்து வாங்கலாம். பழைய பதிப்பு கையில் இருந்தால் அதையும் அழித்துவிடாதீர்கள். அந்த வருடத்து அணி அதில்தான் அப்படியே இருக்கும். எங்கள் மேசையில் இப்போது ஓடுவது ஜாரன் டுரான் வழக்கு: ரோமன் ஆந்தனி, செடான் ரஃபேலா, வில்யர் அப்ரேயு, டுரான் என நான்கு பேர், வெளிக்களத்தில் இடம் மூன்று. டுரானைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஒரு நல்ல பிட்சரை வாங்கலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். 26ல் அதை வெவ்வேறு அணிகளோடு பேசிப் பார்த்தேன். கிடைத்த பிட்சர்கள் எல்லோருக்கும் ஒப்பந்தம் டுரானுடையதைவிடச் சீக்கிரம் முடிகிறது. நான் டுரானை வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்சி.