சக்கரம் வைத்ததா, கால் வைத்ததா: அப்பச்சிக்கு வாங்கிய கமோடு நாற்காலிகள்

அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, உடம்பு விறைத்து நடை தடுமாறும் பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்காக நாங்கள் வாங்கிய சாமான்களை அடுக்கினால் சின்னதாக ஒரு கடையே வைக்கலாம். தடித்த கைப்பிடி போட்ட ஸ்பூன், மூடி வைத்த தம்ளர், கட்டிலில் மாட்டும் கம்பி, நாலு கால் வாக்கர். எல்லாவற்றையும் பற்றி எழுதப்போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எப்படிக் கழிப்பறைக்குப் போவது என்ற ஒரு பிரச்சினைக்கு மட்டும் இரண்டு வருடம் மாறி மாறிச் செலவு செய்தோம். அதைச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கத்தில், நடுவில் வளவு என்கிற முற்றம் வைத்த பழைய வீடு எங்களுடையது. அவர் படுப்பது வளவை ஒட்டிய அறையில். கழிப்பறை இருப்பது தோட்டத்துப் பக்கம். நடுவில் இரண்டாங்கட்டு (வளவுக்கு அடுத்த பகுதி), அடுப்படி, நான்கு நிலைப்படி, கடைசியில் இரண்டு படி இறக்கம். பகலில் சமாளித்துவிடுவார். ராத்திரிச் சாப்பாட்டோடு போடுகிற மாத்திரையின் வேகம் நடுராத்திரிக்குள் அடங்கிவிடும். இரண்டு மணிக்கு உடம்பு மரக்கட்டை மாதிரி இருக்கும். அதோடு இந்த நோய்க்காரர்களுக்கு வாசலைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். குறுகலான இடம், திரும்புகிற இடம், நிலைப்படி எல்லாமே அப்படித்தான். செட்டிநாட்டு வீட்டில் வாசலுக்கா பஞ்சம்?

இதே வீடு ஒரு உதவியும் செய்தது. தரையில் கோடு தெரிந்தால் அதைத் தாண்ட இவர்களுக்குக் கால் எழும்பும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். வளவு முழுக்கக் கட்டம் கட்டமாகப் பதித்த ஆத்தங்குடித் தரைக்கல். "ஒரு கட்டத்துக்கு ஒரு எட்டு, அப்பச்சி" என்று எண்ணிக்கொண்டே நடத்தினால் பகலில் நன்றாகவே நடக்கிறார். ராத்திரியில் கோடு தெரியாது.

சரி, என்னென்ன வழி உண்டு? டயப்பரை அவர் ஒரே ராத்திரியில் கழற்றி எறிந்துவிட்டார். சித்திரை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு படுக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. யூரின் பாட்டில் மலிவானது, ஆண்களுக்கு அவசியம் வாங்க வேண்டியது. பெண்களுக்கென்று வேறு வாய் வைத்த பாட்டில் உண்டு, எங்கள் வீட்டில் யாரும் பயன்படுத்தியதில்லை என்பதால் அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

அறைக்குப் பக்கத்திலேயே புதிதாக வெஸ்டர்ன் டாய்லெட் கட்டுவது இன்னொரு வழி. சொந்தக்காரர் ஒருவர் தேவகோட்டையில் அப்படிக் கட்டினார். சமதரை, சுவரில் பிடிகம்பி, அகலக் கதவு. பார்க்கவே பொறாமையாக இருந்தது. அவர் வீடு தனிப்பங்கு. எங்களுடையது ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு பங்காளிக் குடும்பங்களுக்குச் சேர்ந்தது. வளவில் ஒரு கல்லைப் பெயர்க்க வேண்டுமென்றாலும் சென்னை, கோயம்புத்தூர், பினாங்கு என்று எல்லாரிடமும் தலையாட்டல் வாங்க வேண்டும். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு எல்லாரும் வந்திருந்தபோது பேச்செடுத்தேன். வளவுக்குள் கழிப்பறையா என்று முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் தோட்டத்துப் பக்கம் இருந்த இந்தியன் டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்ற உடனே ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கும் முட்டி வலிக்கிற வயது வந்துவிட்டதே! தனி வீடு உள்ளவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கட்டிவிடுங்கள்.

மிச்சம் கமோடு நாற்காலி, இருக்கையில் ஓட்டை வைத்து அதன் கீழே டப்பா மாட்டியது. அதில் இரண்டு வகை. நான் இரண்டையும் வாங்கினேன், முதலில் வாங்கியது தப்பு.

மதுரைக்கு டாக்டரிடம் போன நாளில், அங்கேயே ஒரு கடையில் சக்கரம் வைத்ததை வாங்கினோம். உட்கார வைத்தே கழிப்பறைக்குத் தள்ளலாம், குளிப்பாட்டலாம், மெத்தை இருக்கை என்று கடைக்காரர் அடுக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து முதல் நிலைப்படியிலேயே நின்றது. உள்ளங்கை அளவுச் சக்கரம் தேக்கு நிலைப்படியில் எப்படி ஏறும்? அவரோடு சேர்த்துத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பின்னால் சாய்த்தால் பயந்துபோய்க் கையைப் பிடித்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு கட்டிலோரத்திலேயே நிறுத்தினோம். அங்கேயும் ஒரு ஆபத்து. இந்த நோயில் மெல்ல உட்கார வராது, பொத்தென்று விழுகிற மாதிரிதான் உட்காருவார்கள். பின்சக்கரம் இரண்டையும் பூட்டியிருந்தும் வழவழப்பான கல்லில் நாற்காலி ஒரு சாண் பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. சுவர் இருந்ததால் பிழைத்தோம்.

அடுத்து வாங்கியது கால் வைத்தது. காரைக்குடியிலேயே 3,000 ரூபாய்க்குச் சற்று மேலே. நாலு கால், நாலிலும் ரப்பர் புஷ், பொத்தானை அழுத்தி உயரம் மாற்றலாம், இரண்டு பக்கமும் கை. இருக்கை வெறும் கெட்டி பிளாஸ்டிக். மார்கழியில் உட்கார்ந்தால் "ஐஸ் கட்டில உக்கார வச்சிட்டியேடா" என்பார். அது ஒன்றுதான் குறை. உள்ளே இருக்கும் டப்பாவை எடுத்துவிட்டால் அதே நாற்காலியை வெஸ்டர்ன் டாய்லெட் மேலேயே போட்டுவிடலாம். உயரமும் கிடைக்கும், எழுந்திருக்கக் கைப்பிடியும் கிடைக்கும். காலையில் நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன், ராத்திரி கட்டிலோரத்துக்கு வந்துவிடுகிறது. வாங்கும் முன் டாய்லெட்டின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போங்கள்.

இவ்வளவும் கடையில் பார்த்தாலே தெரிகிற விஷயம். எதை வாங்கலாம் என்பதை எனக்கு முடிவு செய்துகொடுத்தது வேறு: கழுவுகிற வேலை.

மெத்தை இருக்கை சுகமாகத்தான் இருந்தது. ரெக்சின் தைத்த தையல் வழியாக மூத்திரம் உள்ளே இறங்கி, ஒரே மாதத்தில் அறைக்குள் நுழைய முடியவில்லை. கழுவி வெயிலில் போட்டால் ரெக்சின் வெடிக்கிறது, போடாவிட்டால் நாறுகிறது. கெட்டி பிளாஸ்டிக்குக்கு ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். சக்கரத்தின் அச்சில் முடியும் நூலும் சுற்றிக்கொள்ளும், சோப்புத் தண்ணீர் பட்டுப்பட்டு ஸ்குரூ துருப்பிடிக்கும். காலுக்கு ரப்பர் புஷ் தேய்ந்தால் மாற்றினால் சரி. தேய்ந்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள், உள்ளிருக்கும் குழாய் கல்லைக் கீறும், நாற்காலியும் ஆடும்.

டப்பா இருக்கிறதே, அதுதான் பெரிய கதை. வேலைக்கு வரும் அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: "கூட்டுவேன், பெருக்குவேன், இது மட்டும் வேணாம் தம்பி." நியாயம்தான். என் மனைவி செய்யத் தயாராக இருந்தாள். அப்பச்சிதான் மருமகள் கையில் டப்பாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்புறம் ஒரு விஷயம் எங்களுக்கே தெரியாமல் நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். ஏற்கெனவே இந்த நோயில் மலச்சிக்கல் உண்டு, எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றும். இரண்டும் கூடிவிட்டன. டாக்டர் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார், "அந்தப் பிள்ளை காலங்காத்தால அதைத் தூக்கிக்கிட்டுப் போறதைப் பாக்க முடியலப்பா."

அன்றிலிருந்து கழுவுவது நான். முதல் வாரம் ஆத்தா (என் அம்மா), சாமி அறையைத் தாண்டி அதை எடுத்துப்போகக் கூடாது என்றார். எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மூடி போட்ட டப்பாவை ஜவுளிக்கடைப் பைக்குள் வைத்து, முகப்பு வழியாக இறங்கி, சந்து சுற்றிப் பின்வாசலுக்குப் போனேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஆச்சி, "என்னப்பா, காலையிலேயே பால் வாங்கவா?" என்றார். "ஆமா ஆச்சி" என்றேன். நான்காம் நாள் ஆத்தாவே இரண்டாங்கட்டு வழியாகப் போகச் சொல்லிவிட்டார்.

இப்போது பழகிவிட்டது. படுக்கும் முன் டப்பாவில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன், எதுவும் ஒட்டாது. சிறுநீருக்குப் பாட்டில்தான், ஆகவே பாதி நாள் டப்பா சும்மா இருக்கும். டப்பா இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று உபயோகத்தில், ஒன்று வெயிலில். வாங்கும்போதே தனி டப்பா கிடைக்குமா என்று கேளுங்கள். சில மாடலுக்குக் கிடைக்காது, விரிசல் விட்டால் நாற்காலியே வீண். மூடியும் கைப்பிடியும் இல்லாத டப்பா என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் ஒரு கை கொடுத்தால் அப்பச்சி இன்னும் எழுந்து நிற்கிறார், அதனால்தான் கால் வைத்தது எங்களுக்குச் சரிப்படுகிறது. நிற்கவே முடியாதவர்களைச் சமதரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குச் சக்கரம்தான் வசதியாக இருக்கலாம்.

பழைய சக்கர நாற்காலியை விற்கப் பார்த்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தாத்தா காலத்து எனாமல் சட்டி முதல் கதவு நிலை வரை எல்லாவற்றுக்கும் விலை உண்டு, இதற்கு மட்டும் இல்லை. மெத்தையைப் பிய்த்தெறிந்து, ஸ்குரூ மாற்றிக் கழுவி, இரண்டாங்கட்டு அறையில் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன். வீட்டில் எத்தனை நிலைப்படி என்று மட்டும் முதலில் கேட்பேன்.