உறைந்த ஹான்ட் பிறேக்குக்கு டி-ஐசர் ஸ்ப்ரே: காசுக்குப் பெறுமதியா?

ரொறன்ரோக் குளிரில் ஹான்ட் பிறேக்கை இறுகவைப்பது வெறும் குளிர் அல்ல, ஈரம். பகலில் பனி உருகி உப்புத்தண்ணி தெறிக்கும். இரவில் -15க்கு இறங்கும். காலையில் நெம்புகோலைக் கீழே விட்டாலும் பின்சில்லு சுழலாது. உடனே பலரும் வாங்குவது பூட்டு உறைவு நீக்கும் டி-ஐசர் ஸ்ப்ரே.

ஸ்ப்ரேயில் இருப்பது பெரும்பாலும் அல்கஹோல். கலப்பில்லாத ஐசோபுரோப்பில் அல்கஹோல் -89 பாகை வரை உறையாது, பட்ட இடத்துப் பனியைக் கரைக்கும். ஆனால் பட வேண்டுமே! டிரம் பிறேக்கில், சில்லோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ அதோடு ஒட்டுவது மூடிய பெட்டிக்குள். வெளியிலிருந்து அடித்தால் அங்கே போகாது. அதற்கு காரை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தாலே பெரும்பாலும் போதும், ‘டொக்’ என்று விடும். விடாவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், ஷூவில் ஒட்டியுள்ள உராய்வுப் பட்டை (லைனிங்) பிய்ந்து வரும். கொதிதண்ணியும் வேண்டாம்: உள்ளே இறங்கி, அடுத்த இரவே மறுபடி உறையும்.

ஸ்ப்ரே உதவும் ஒரே இடம், டிஸ்க் பிறேக்கில் பாட்களை அமுக்கும் கெலிப்பரில், கேபிள் இழுக்கும் வெளிக்கை (சிறு நெம்புகோல்). அங்கேயும் லேபிளை வாசியுங்கள். சில வகைகளில் பூட்டுக்கென எண்ணெயோ சிலிக்கோனோ கலந்திருக்கும். அது பிறேக் பாட் மீது பட்டால் பிடிமானம் போய்விடும். உராய்ந்து சூடான சில்லில் அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். ஸ்ப்ரேக்கு என் மதிப்பெண் 5க்கு 2.

அடிக்கடி இறுகும் கார் கேட்பது பெரும்பாலும் புதுக் கேபிள். கேபிள் நுனியிலுள்ள ரப்பர் உறை வெடித்ததும் உப்புத்தண்ணி உள்ளே ஊறி, கம்பி துருப்பிடித்து வீங்கும். பிறகு ஸ்ப்ரே எத்தனை போத்தல் வாங்கினாலும் வீண். சோதிப்பது சுலபம். முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கால் உயர்த்தி, ஸ்டாண்டில் இருத்துங்கள். ஒருவர் ஹான்ட் பிறேக்கை இழுத்து விட, மற்றவர் கெலிப்பர் கையைப் பார்க்க வேண்டும். அது தன் தடுப்பில் போய் முட்டாமல் பாதியில் நின்றால், கேபிளைக் கழற்றி, அந்தக் கெலிப்பர் கையை இழுத்து விட்டுப் பாருங்கள். கை இப்போது தானாகத் திரும்பினால் கேபிள்தான் குற்றவாளி, திரும்பாவிட்டால் கெலிப்பர்.

வாங்கும்போது விலையைவிட நுனி ரப்பர் உறையைக் கவனியுங்கள். அது தடிப்பாகவும் கம்பியை இறுக்கமாகக் கவ்வியும் இருக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் குழாய் போட்ட வகைக்குக் கூடுதல் எண்ணெய் விடத் தேவையில்லை. இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டும் ஒரே உப்பைத்தான் தின்றிருக்கும். பழையதைக் கழற்ற முதலில் நெம்புகோலடியிலுள்ள சரிசெய் நட்டைத் தளர்த்துங்கள். தாங்கியில் மாட்டியிருக்கும் நுனியின் விரிந்த பற்களை அமுக்க, பல கார்களில் 12 அல்லது 13 மி.மீ. ரிங் ஸ்பானரை அதன்மேல் தள்ளினால் போதும். குறட்டால் நசுக்கினால் பல் உடையும். பூட்டியபின் பத்துத் தடவை இழுத்து விட்டு, கையேடு சொல்லும் ‘கிளிக்’ எண்ணிக்கைக்கு இறுக்குங்கள். விட்ட நிலையில் சில்லு கையால் தடையின்றிச் சுழல வேண்டும். வேலை கொஞ்சம் அழுக்கானது, ஆனால் 5க்கு 4½.

மின் பார்க்கிங் பிறேக் உள்ள கார்களில் இந்த முறை செல்லாது. அதன் மோட்டாரைக் கையேடு பார்க்காமல் தொடாதீர்கள்.

புதுக் கேபிளையும் பாவிக்காமல் வைத்தால் இறுகும், தினமும் ஒருமுறை இழுங்கள். கார் கழுவிய அன்று, அல்லது ஈரத்தோடு உறையப்போகும் இரவில் மட்டும், ஹான்ட் பிறேக் இழுக்காமல் சமதரையில் நிறுத்தி, ஓட்டோ கியரை ‘பி’யில் (பார்க்) விடுங்கள், மனுவல் கியர் என்றால் முதலாம் கியரில் போட்டு, சில்லுக்கு ஒரு கட்டை.