“காதை வச்சுக் கேளுங்க அக்கா” என்றார், ரூ. 7,800 போய்விட்டது

ரூ. 7,800. போன சனிக்கிழமை மத்தியானம் யுபிஐயில் அனுப்பினேன். இன்று வியாழன். அந்தப் பணத்துக்கு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு, அதாவது கம்ப்யூட்டரில் படம், வீடியோ வேலையைப் பார்க்கும் பலகை, என் மேஜையில் ஒரு பழைய துண்டின் மேல் பிரிந்து கிடக்கிறது, விற்றவர் போனை எடுப்பதில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் “சரி, போகட்டும்” என்று விட்டுவிடுவேன். சத்தமில்லாத கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள். கடைப் பெயரோ ஆப் பெயரோ எழுதப்போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

நான் வீட்டிலிருந்தபடியே குரல் பதிவு செய்து கொடுப்பவள். பள்ளிப் பாடங்கள், சிறுவர் கதைகள். பத்துக்குப் பத்து அறை, மைக்கிலிருந்து நாலடி தூரத்தில் கம்ப்யூட்டர். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துதான் பேசுவேன். கேபினெட்டுக்குள் ஒரு சின்ன ஃபேன் முனகினாலும் பதிவில் விழும். அதனால் அந்தக் கம்ப்யூட்டரை இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். ஹார்ட் டிஸ்க் கிடையாது, சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி மட்டும். பிராசசர் மேல் கை அகலத்துக்கு ஒரு கூலர். கேபினெட் ஃபேன் இரண்டும் 120 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 600 சுற்றைத் தாண்டாதபடி பயாஸில், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பில், செட் பண்ணியிருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு ஜிடி 710. வெறும் 19 வாட், ஃபேனே இல்லாத மாடல். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த அறையில் சுவர்க் கடிகாரம் கேட்கும், கம்ப்யூட்டர் கேட்காது.

இப்போது வேலை கொடுப்பவர்கள், குரல் மட்டும் போதாது, படத்தோடு வீடியோவாக வேண்டும் என்கிறார்கள். ஜிடி 710 அதற்குத் தாங்காது. பத்து நிமிடப் பாடத்தை வீடியோ ஃபைலாக மாற்ற எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் போய், சோறு வடித்து, குழம்பு கொதித்து இறக்கிவிட்டு வந்தாலும் பாதிதான் முடிந்திருக்கும்.

ஒன்றும் தெரியாமல் நான் கார்டு வாங்கப் போகவில்லை. “தெரியாம ஏமாந்திருப்பே” என்றுதான் வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள், அதனால் இதை எழுதியே ஆக வேண்டும். கார்டு இழுக்கும் மின்சாரமெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். சூடு ஏற ஏற ஃபேன் வேகம் எடுக்கும், அதுதான் சத்தம். அதனால் முதலில் வாட் பார்த்தேன். கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும், அதற்குள் அடங்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் என்ற பவர் பெட்டியிலிருந்து தனி வயர் தேவைப்படாது. ஜிடி 1030 முப்பதே வாட், ஃபேன் இல்லாமலும் வருகிறது. ஆனால் வீடியோவை கார்டே என்கோடு செய்யும் என்வென்க் வசதி அதில் இல்லை. ஜிடிஎக்ஸ் 1650இல் பாலிட் கம்பெனி ஃபேன் இல்லாமல் கால்ம்எக்ஸ் என்று ஒன்று போட்டது. நான் கேட்ட கடை எதிலும் அது இல்லை. கடைசியில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று முடிவு செய்தேன். 2016இல் வந்த கார்டு, 75 வாட், 4 ஜிபி. ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் என் வேலைக்குத் தாராளம்.

பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் கிடைத்தது. “பிரிக்காத பழைய ஸ்டாக், ரூ. 8,500”, பக்கத்திலேயே சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர் என்று பச்சை டிக். விலாசம் எங்கள் ஊரிலேயே, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. எதிலும் சந்தேகம் வேண்டாம் என்று என் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

முப்பது வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. “வாங்க அக்கா” என்று நாற்காலி போட்டார். மைக், பதிவு, சத்தம் எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கார்டைப் பொருத்தி, ஒரு பென் டிரைவிலிருந்து டிரைவர், அதாவது கார்டை இயக்கும் சாஃப்ட்வேர், ஏற்றி, திரையில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று காட்டினார். பிறகு எழுந்து போய் கடை ஏசியை அணைத்தார். மேலே சுற்றிய ஃபேனையும் அணைத்தார். ஜெராக்ஸ் மெஷின் சத்தம் வருகிறதென்று கதவைச் சாத்தினார். “இப்ப காதை வச்சுக் கேளுங்க அக்கா. சத்தமே வராது.”

குனிந்து காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில்தான் நம்பினேன். இத்தனை வருடத்தில் எந்தக் கடைக்குப் போய் சத்தத்தைப் பற்றிக் கேட்டாலும் “ஃபேன்னா சத்தம் வரத்தான் செய்யும்” என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார்கள். எனக்காக ஏசியை அணைத்த ஒரே மனிதர் இவர். கார்டு அப்போது ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருந்தது, சூடே ஏறவில்லை என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

இரண்டு கேள்வி கேட்கத்தான் செய்தேன். 75 வாட் கார்டுக்கு ஆறு பின் பவர் வயர் எதற்கு? “இங்க கரண்ட் ஏறி இறங்கும்ல அக்கா, நம்ம ஊருக்குன்னே வர்ற மாடல்.” பின்னால் பழைய நீல விஜிஏ போர்ட் எதற்கு? “பழைய மானிட்டர் வச்சிருக்கவங்களுக்காக.” நான் படித்ததை நான் நம்பவில்லை, அவர் சொன்னதை நம்பினேன். பில் கேட்டதற்கு, “பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி கூட வரும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு” என்று 700 ரூபாய் குறைத்தார். ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் “1 மாதம் வாரண்டி” என்று எழுதிக் கொடுத்தார், அதை இன்னும் வைத்திருக்கிறேன். கிளம்பும்போது, “டிரைவர் மட்டும் ஆன்லைன்ல அப்டேட் பண்ணிடாதீங்க அக்கா” என்று அக்கறையாகச் சொன்னார். ரூ. 7,800 அனுப்பினேன்.

சனிக்கிழமை ராத்திரியே ஒரு பாடத்தை எக்ஸ்போர்ட் போட்டேன். என்வென்க் பட்டியலிலேயே வரவில்லை. சரி, பிறகு பார்க்கலாம் என்று சாதாரணமாகவே ஓடவிட்டேன். நாலு நிமிடம் இருக்கும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு ‘ஸ்ஸ்’ வருமே, அப்படித் தொடங்கி ஏறிக்கொண்டே போனது. அடுத்த அறையில் தூங்கிய மாமியார் எழுந்து வந்து, “மிக்ஸியா ஓடுது இந்நேரத்துல?” என்றார். மைக்கை ஆன் செய்து பார்த்தேன். நான் வாயே திறக்கவில்லை, கோடு போல இருக்க வேண்டிய இடமெல்லாம் புல் முளைத்தது மாதிரி அலை. ஏழாவது நிமிடத்தில் திரை கருப்பாகி எல்லாம் நின்றது. நாலு முறை போட்டேன், நாலு முறையும் அதே.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போனில், “சித்தி, ஜிபியூ-இசட்னு ஒரு புரோகிராம் இருக்கு, கார்டு உண்மையில எதுன்னு காட்டும், இலவசம்தான், ஓட்டிப் பாருங்க” என்றான். இறக்கி ஓட்டினேன். பெயர் இருக்கும் கட்டத்தில், 1050 டிஐக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘ஃபேக்’ என்று இருந்தது. சிப் ஜிஎஃப்116. கணக்குப் போடும் கோர்கள் 192. உண்மையான 1050 டிஐயில் 768 இருக்க வேண்டும்.

ஜிஎஃப்116 என்றால் ஜிடிஎக்ஸ் 550 டிஐ. 2011 மார்ச்சில் வந்த கார்டு, 116 வாட். கார்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸை மாற்றி எழுதி, பெயரையும் மெமரியையும் பொய்யாகக் காட்டவைத்திருக்கிறார்கள். அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. 116 வாட்டை ஸ்லாட் தாங்காது, அதனால்தான் ஆறு பின் வயர். இந்தக் கார்டுகளின் சிப்பைச் செய்யும் என்விடியா கம்பெனி 2016 தலைமுறை கார்டுகளிலேயே விஜிஏவுக்கான அனலாக் சிக்னலை எடுத்துவிட்டது, அந்த நீல போர்ட் ஒன்றே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். என்வென்க் 2012இல்தான் வந்தது, 2011 கார்டில் எங்கிருந்து இருக்கும்? 4 ஜிபி என்று சொல்லிவிட்டு உள்ளே இருப்பது அதில் கால்வாசி, அது நிரம்பியதும் திரை கருப்பாகிறது. இந்தத் தலைமுறையை என்விடியா தன் புது டிரைவர்களிலிருந்து 2018இல் நீக்கிவிட்டது, அப்டேட் செய்தால் குட்டு உடையும். “அப்டேட் பண்ணிடாதீங்க அக்கா” என்ற அக்கறைக்கு அர்த்தம் அதுதான்.

இன்னொரு தப்பும் செய்தேன். உறுதி செய்துகொள்ளலாம் என்று திங்கள் காலை தெரிந்த ரிப்பேர் கடை அண்ணனிடம் கொண்டுபோனேன். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, சிப்பின் சூட்டை இழுக்கும் உலோக ஹீட்சிங்க்கைத் தூக்கினார். சிப் மேல் சூடு கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்த களிமண் மாதிரி வெடித்திருந்தது. பஞ்சில் ஐபிஏ என்ற ஆல்கஹாலைத் தொட்டுத் துடைக்கத் துடைக்க, ஜிஎஃப்116 என்ற எழுத்து மங்கலாக மேலே வந்தது. ‘பிரிக்காத ஸ்டாக்’ என்று விற்ற பெட்டிக்குள் பதினைந்து வருடத்துப் பழைய சரக்கு. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, காசும் வாங்கவில்லை.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். இந்த முறை நாற்காலி இல்லை. அக்காவும் இல்லை, “சொல்லுங்க மேடம்.” முதலில் டிரைவர் பிரச்சினை என்றார். ஜிபியூ-இசட் படத்தைக் காட்டியதும், “அந்த சாஃப்ட்வேர் எல்லாம் தப்பாக் காட்டும் மேடம்” என்றார். பிறகு என் எஸ்எம்பிஎஸ் வீக் என்றார். சிப்பின் மேல் இருக்கும் எண்ணைக் காட்டினேன். “யாரு பிரிச்சா? ஸ்க்ரூவைத் தொட்டாலே வாரண்டி போச்சு. நீங்களே மாத்தி வச்சு எடுத்துட்டு வந்திருந்தா நான் என்ன பண்றது?” கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். என்னைத் திருடி மாதிரிப் பார்த்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன், ஓனர் வெளியூர் போயிருக்கிறார் என்றது ஒரு சின்னப் பையன். ஓனர் உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் எட்டுச் செய்தி, எல்லாவற்றுக்கும் நீல டிக், ஒரே ஒரு பதில்: “எக்சேஞ்ச்ல 2000 குறைச்சுக்கலாம் மேடம்.” அதாவது 7,800 கொடுத்தவள் மறுபடியும் காசு போட்டு அவரிடமே இன்னொன்று வாங்க வேண்டுமாம். ஆப்பில் புகார் கொடுத்தேன். பணம் ஆப் வழியாகப் போகவில்லை, நேரடியாகப் போனது, ஆகவே எங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று இரண்டு மணி நேரத்தில் மூடிவிட்டார்கள். அப்படியென்றால் அந்தப் பச்சை டிக் எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை. இன்று காலை பார்க்கிறேன், அதே கார்டு, அதே படம், “2 மட்டுமே உள்ளது” என்று விளம்பரம் இன்னும் ஓடுகிறது.

ஒரு பாடத்துக்கு எனக்கு 600 ரூபாய். ரூ. 7,800 என்றால் பதின்மூன்று பாடம். மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து பேசிய பதின்மூன்று பாடம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. இவற்றை மட்டும் மறக்காதீர்கள். 1050 டிஐ என்று விற்கும் கார்டில் விஜிஏ போர்ட் இருந்தால் தொடாதீர்கள், யார் என்ன காரணம் சொன்னாலும் சரி. கடையிலேயே ஜிபியூ-இசட் ஓட்டச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சத்தம் கேட்க வேண்டுமென்றால் கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் ஃபர்மார்க் புரோகிராமைப் போட்டுப் பத்து நிமிடம் சூடேற்றிய பிறகு காதை வையுங்கள், சும்மா இருக்கும் கார்டில் சத்தம் வராது. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் பிரிக்காதீர்கள், என்னை மாதிரி ஸ்க்ரூவைத் தொட்டு அவர்கள் கையில் ஒரு சாக்கைக் கொடுக்காதீர்கள்.

நேற்று 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அடித்துப் பதிவு செய்துவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது. அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது. யுபிஐ ரசீது, அந்த விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப் படங்கள், ஆப் விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். இதே மாடிக் கடையில், இதே பச்சை டிக்கை நம்பி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், ஆணையத்துக்குச் சேர்ந்தே போகலாம்.

ஜிடி 710ஐத் திரும்பச் செருகிவிட்டேன். நாளைக் காலை கொடுக்க வேண்டிய பாடம் எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருக்கிறது, 31 சதவீதம்.